ஏழாயிரம் பேர் ஏறும் கப்பலில் உங்கள் கேபின் எங்கே?

உல்லாசக் கப்பலில் போய்வர ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். கூட்டம் எப்படி இருக்கும்? கேபின் எப்படி இருக்கும்? 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் புறப்படத் தொடங்கிய பிறகு நம் வீடுகளிலும் இந்தப் பேச்சு சகஜமாகிவிட்டது. சிங்கப்பூருக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் அங்கிருந்து ‘கெந்திங் ட்ரீம்’ போன்ற கப்பல்களில் ஏறி மூன்று நான்கு நாள் கடலில் கழித்துவிட்டு வருகிறார்கள். விளம்பரப் படத்தில் நீச்சல் குளத்தருகே ஒரே ஒரு தம்பதி நிற்பார்கள். கேபினை அகலக் கோணத்தில் எடுத்து இரண்டு மடங்காகக் காட்டியிருப்பார்கள். அவற்றை வைத்துக் கப்பலைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பே இரண்டு கேள்விகளுக்கும் ஓரளவு சரியான விடை சொல்ல இயற்பியலும் கொஞ்சம் கணக்கும் போதும். கப்பல் எவ்வளவு பெரியது என்பதைவிட நீங்கள் எத்தனை மணிக்கு எங்கே நிற்கிறீர்கள் என்பதும், கேபின் எவ்வளவு விலை என்பதைவிட அது கப்பலின் உடலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும்தான் பயணத்தைத் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

பெரிய கப்பலிலிருந்தே தொடங்கலாம். பின்லாந்தின் துர்க்கு நகரில் மேயர் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 2024 ஜனவரி 27 அன்று மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பியது ராயல் கரீபியன் நிறுவனத்தின் ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’. நீளம் ஏறத்தாழ 365 மீட்டர், 20 தளங்கள். ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்று கணக்கிட்டால் 5,610 பயணிகள். பிள்ளைகளுக்கான மேல் படுக்கைகளையும் சோபாப் படுக்கைகளையும் சேர்த்து எல்லாம் நிரம்பினால் 7,600 பேர். ஊழியர்கள் 2,350 பேர். பள்ளி விடுமுறைக் காலத்தில் கிட்டத்தட்ட பத்தாயிரம் உயிர்கள் ஒரே இரும்புக் கூட்டுக்குள்.

இதன் அளவை 2,48,663 ‘கிராஸ் டன்’ என்று எழுதுகிறார்கள். பலரும் இதைக் கப்பலின் எடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது எடையே இல்லை. 1969-இல் உருவான பன்னாட்டு ஒப்பந்தப்படி, கப்பலின் மூடிய பகுதிகள் அனைத்தின் கொள்ளளவையும் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கிடைக்கும் எண் இது. சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் ஐகானின் உள்கொள்ளளவு சுமார் 7.8 லட்சம் கன மீட்டர் என்று வருகிறது. பத்தாயிரம் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 78 கன மீட்டர். எட்டரை அடி உயரக் கூரை கொண்ட, முந்நூறு சதுர அடிக்குச் சற்று அதிகமான ஓர் அறை அளவு. ஆனால் இயந்திர அறை, சமையலறை, கிடங்கு, குடிநீர்த் தொட்டி எல்லாமே இதற்குள்தான் அடக்கம்.

கப்பல் துறையினர் இன்னொரு எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். கிராஸ் டன்னைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்பது தெரியும். ஐகானுக்கு அது 44. ‘குயீன் மேரி 2’ கப்பலுக்கு 55. கெந்திங் ட்ரீமுக்கு 45. நம் எம்ப்ரஸ் 1990-இல் கட்டப்பட்டது, 48,563 டன், இரட்டைப் படுக்கைக் கணக்கில் சுமார் 1,600 பயணிகள்; ஆக 30 அளவில் நிற்கிறது. இந்த எண் கூடக் கூட நடைபாதையும் சாப்பாட்டுக் கூடமும் தாராளமாக இருக்கும் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் ஐகானில் 7,600 பேரும் ஏறிவிட்டால் அதே 44 சுமார் 33 ஆகச் சுருங்கிவிடும். எனவே கப்பலின் பெயரை மட்டும் விசாரிக்காமல் எந்த வாரம் என்பதையும் விசாரியுங்கள். ஐரோப்பா, அமெரிக்கா என்றால் கோடை விடுமுறையும் கிறிஸ்துமஸும். சிங்கப்பூர் என்றால் ஜூன், டிசம்பர், சீனப் புத்தாண்டு. சென்னை என்றால் நம் கோடை விடுமுறை.

இவ்வளவும் சராசரிக் கணக்கு. சராசரியில் யாரும் வரிசையில் நிற்பதில்லை. கூட்டம் என்று நாம் உணர்வது காத்திருப்பைத்தான், அதற்குத் தனிக் கணிதமே இருக்கிறது. 1909-இல் டென்மார்க்கின் அக்னர் எர்லாங் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்துக்காக அதைத் தொடங்கிவைத்தார். ஒரே நேரத்தில் எத்தனை பேர் அழைப்பார்கள், எத்தனை இணைப்புகள் வேண்டும் என்பது அவருடைய கேள்வி. ஆம்லெட் போட்டுத் தரும் ஒரு சமையல்காரரை அந்தக் கேள்விக்குள் நிறுத்திப் பார்ப்போம். ஒரு தட்டுக்குச் சராசரியாக ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறார். ஆட்கள் முன்னே பின்னே வருகிறார்கள். அவருடைய நேரத்தில் பாதிக்கு வேலை இருக்கும்போது உங்கள் முறை வரச் சராசரியாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். 80 சதவீத நேரம் வேலை இருந்தால் 4 நிமிடம். 95 சதவீதம் ஆனால் 19 நிமிடம். 80-லிருந்து 95 என்பது பார்வைக்குச் சிறிய ஏற்றம். காத்திருப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்காகிவிடுகிறது.

கப்பலில் கூட்டத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்கு போதும் என்பேன். நிரம்பும் எல்லைக்கு அருகில் போகும்போதுதான் வரிசை திடீரென்று வீங்குகிறது. அதே காரணத்தால், எல்லையிலிருந்து கொஞ்சம் விலகினாலே திடீரென்று கரைந்தும் போகிறது. எட்டரை மணிக்குப் போகிறவர் இருபது நிமிடம் நிற்கும் இடத்தில் ஏழே முக்காலுக்குப் போகிறவர் நேரே தட்டை நீட்டுவார். “கப்பலில் கூட்டமே இல்லை” என்று ஒருவரும், “மூச்சு முட்டிவிட்டது” என்று இன்னொருவரும் ஒரே பயணத்தைப் பற்றிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், கடிகாரம்தான் வேறு.

உட்காரும் இடத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 1961-இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி மிக எளிமையானது: உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை, அவர்கள் வரும் வேகத்தை ஒவ்வொருவரும் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். பஃபே கூடத்தில் 800 நாற்காலிகள் இருக்கின்றன, ஒருவர் 40 நிமிடம் உட்காருகிறார் என்றால் மணிக்கு 1,200 பேருக்குத்தான் இடம் கொடுக்க முடியும். துறைமுகத்தில் இறங்கும் நாளன்று காலை ஏழரை முதல் எட்டரைக்குள் 2,500 பேர் வந்தால் எவ்வளவு பெரிய கப்பலானாலும் தட்டோடு அலைய வேண்டியதுதான். அதே நேரத்தில் கீழ்த் தளத்தில், மேசைக்கே வந்து பரிமாறும் பெரிய உணவுக்கூடம் பாதி காலியாகக் கிடக்கும். அங்கே போவதற்குக் கூடுதல் கட்டணம் கிடையாது என்பது புதிதாக ஏறியவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

கப்பலை வடிவமைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பல கப்பல்களில் பெரிய அரங்கத்தை முன்பகுதியிலும் பெரிய உணவுக்கூடத்தைப் பின்பகுதியிலும் வைத்து, நடுவில் கடைகளும் மதுக்கூடங்களும் கொண்ட முற்றத்தை அமைக்கிறார்கள். இரவு உணவு இரண்டு பந்தி. முதல் பந்தி சாப்பிடும்போது இரண்டாம் பந்திக்காரர்கள் அரங்கத்தில் நிகழ்ச்சி பார்க்கிறார்கள். பிறகு இரு கூட்டமும் இடம் மாறுகின்றன. ஆயிரக்கணக்கானவர்களை இப்படி முன்னும் பின்னுமாக நகர்த்தித்தான் எந்த இடமும் பிதுங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் கட்டுப்படுத்த முடியாத நேரம் ஒன்று இருக்கிறது: நிகழ்ச்சி முடிந்து ஆட்கள் வெளியே வரும் பத்து நிமிடம். அப்போது முன்பக்க லிஃப்டுகள் எல்லாத் தளத்திலும் நின்று நின்று வரும். நடக்க முடிந்தவர்கள் படியேறுவதும், முடியாதவர்கள் கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பதும் நல்லது. முழங்கால் வலி உள்ள அம்மாவையோ சக்கர நாற்காலியில் தாத்தாவையோ அழைத்துப் போகிறவர்கள் கேபினை நடு லிஃப்டுக்கு அருகில் கேட்டு வாங்குங்கள். அரங்கத்தை ஒட்டிய லிஃப்ட் வேண்டாம். ஐகான் அளவுள்ள கப்பலில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மூன்றரைக் கால்பந்து மைதானம் நீளம்.

நீச்சல் குளத்துச் சாய்வு நாற்காலிகள் தனிக் கதை. கரை தொடாத நாளில் வெயில் ஏறுவதற்கு முன்பே அவற்றின் மேல் துண்டும் புத்தகமும் வந்துவிடும், ஆள் இருக்காது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற அதே பழக்கம்தான், உலகின் எந்தக் கப்பலிலும் பார்க்கலாம். பல நிறுவனங்கள் குறிப்பிட்ட நேரம் ஆள் வராவிட்டால் துண்டை எடுத்துவிடுவோம் என்று அறிவிப்பு வைத்திருக்கின்றன. குளத்தை அனுபவிக்க எனக்குத் தெரிந்த நல்ல நேரம், எல்லாரும் கரையில் இறங்கிப் போயிருக்கும் முற்பகல். ஏற்கெனவே பார்த்த ஊராக இருந்தால் இறங்காமலே இருந்துவிடலாம். அன்று கப்பல் முழுக்க உங்களுடையது.

கூட்டத்தின் பாரம் உண்மையில் கரையில்தான் விழுகிறது. அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் ஏறத்தாழ 32,000 பேர் வசிக்கிறார்கள். சாலை வழியாக வெளியூரோடு தொடர்பில்லாத ஊர். அங்கே கோடையில் ஒரே நாளில் நான்கைந்து பெரிய கப்பல்கள் வந்து நின்றால் ஊர்மக்களில் பாதி அளவுக்கு விருந்தாளிகள் காலையில் இறங்கி மாலையில் ஏறுகிறார்கள். ஊராரின் மன்றாட்டுக்குப் பிறகு நகர நிர்வாகம் 2024-இல் கப்பல் நிறுவனங்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தது: 2026 முதல் ஒரு நாளில் வரும் கப்பல்களின் மொத்தப் படுக்கைகள் 16,000-ஐத் தாண்டக் கூடாது, சனிக்கிழமை 12,000. வெனிஸ் நகரின் ஜியூதெக்கா கால்வாய்க்குள் 25,000 கிராஸ் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நுழைய இத்தாலி 2021 ஆகஸ்டில் தடை போட்டது. நீங்கள் போகும் தேதியில் அந்தத் துறைமுகத்தில் இன்னும் எத்தனை கப்பல்கள் நிற்கும் என்பதைத் துறைமுகங்களின் அட்டவணையிலேயே பார்க்க முடியும். எந்த டெக்கில் என்ன உணவகம் என்று ஆராய்வதற்குச் செலவழிக்கும் நேரத்தில் ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கலாம்.

இனி கேபின். இன்றைய கப்பல்களில் கேபின்களைக் கப்பலுக்குள் கட்டுவதில்லை. தொழிற்சாலையில் கட்டில், அலமாரி, குளியலறை, குழாய், மின்கம்பி எல்லாம் பொருத்தி, முழுப் பெட்டியாகக் கொண்டுவந்து, கப்பலின் பக்கவாட்டில் விட்டுவைத்த திறப்பு வழியாக உள்ளே தள்ளி, தளத்தில் உருட்டிக்கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். துர்க்கு தளத்துக்கு அருகிலுள்ள பீக்கியோவில் இதற்கென்றே ஒரு தொழிற்சாலை இருக்கிறது. சுவர்கள் மெல்லிய எஃகுத் தகடுகள். இடையே தீப்பிடிக்காத கனிமக் கம்பளி. சுவரில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். அனுபவசாலிகள் காந்தக் கொக்கிகள் நாலைந்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவது இதனால்தான். பையும் தொப்பியும் ஈரத் துணியும் சுவரேறிவிட்டால் தரையில் கால் வைக்க இடம் கிடைக்கும்.

ஏனென்றால் இடம் சிறியது. ஜன்னல் இல்லாத உட்புறக் கேபின் பெரும்பாலும் 14 முதல் 17 சதுர மீட்டர், அதாவது 150 முதல் 180 சதுர அடி. இரண்டு பேருக்குத் தாராளம் என்றே சொல்வேன். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் மேலிருந்து இறங்கும் இரண்டு படுக்கைகளும் விரிந்த பிறகு ஒருவர் நடக்கும்போது மற்ற மூவரும் கட்டிலில் இருக்க வேண்டும். பெட்டிகளைக் காலி செய்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். அதற்காகவே கட்டிலை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். நால்வர் குடும்பத்துக்கு ஒரே பால்கனிக் கேபினைவிட அடுத்தடுத்த இரண்டு உட்புறக் கேபின்கள் பல நேரங்களில் விலையிலும் ஒத்து வரும். குளியலறையும் இரண்டு கிடைக்கும். காலையில் நான்கு பேர் தயாராக வேண்டிய குடும்பத்துக்கு அந்த இரண்டாவது குளியலறையின் அருமை தெரியும்.

எந்த வகைக் கேபின் என்பதைவிட எந்த இடத்துக் கேபின் என்பது ஏன் முக்கியம்? கப்பல் கடலில் ஆடும் விதங்களில் நம் உடம்பை அதிகம் பாதிப்பவை மூன்று. இடமும் வலமுமாகச் சாய்வது, முன்னும் பின்னும் ஏறி இறங்குவது, முழு உடலோடும் மேலே எழும்பித் தாழ்வது. முன்பின் ஆட்டத்துக்கு அச்சு ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. 335 மீட்டர் நீளக் கப்பல் ஒரே ஒரு பாகை முன்னால் தாழ்ந்தாலும், நடுவிலிருந்து 160 மீட்டர் தள்ளி முன்முனையில் இருக்கிற கேபின் 2.8 மீட்டர் கீழே போகும். அடுத்த சில வினாடிகளில் அதே அளவு மேலே வரும். நடுக் கேபினில் இருப்பவருக்கு இந்த ஆட்டம் அநேகமாகத் தெரியாது. பக்கவாட்டுச் சாய்வில் உயரம்தான் கணக்கு. கப்பல் மூன்று பாகை சாய்ந்தால், சுழலும் அச்சிலிருந்து 40 மீட்டர் உயரத்தில் இருக்கிற அறை இரண்டு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் நகரும். பத்து மீட்டர் உயரத்தில் இருப்பது அரை மீட்டர்தான். கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கீழ்த் தளம், நடுப்பகுதி என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த எளிய முக்கோணக் கணக்கு. அதிக விலைக்கு விற்கும் உச்சித் தளத்து முன்பக்க அறைகள்தான் அதிகம் ஆடுபவை.

பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கக் கப்பல்களில் நிலைநிறுத்தும் துடுப்புகள் உண்டு. நீர்மட்டத்துக்குக் கீழே இரு பக்கமும் நீளும் இவை, விமான இறக்கை காற்றில் தூக்கு விசை பெறுவதுபோல் நீரோட்டத்தில் விசை பெற்று, சாய்வுக்கு எதிராகத் திருப்புகின்றன. கப்பல் ஓடும்போதுதான் இவை வேலை செய்யும். முன்பின் ஆட்டத்தை இவற்றால் அடக்க முடியாது. எத்தனை நவீனக் கப்பலானாலும் முன்முனைக் கேபின் முன்முனைக் கேபின்தான்.

குமட்டல் ஏன் வருகிறது? உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்புகள் உடம்பு ஆடுகிறது என்று மூளைக்குச் சொல்கின்றன. நாலு சுவருக்குள் இருக்கும் கண்ணோ, சுவரும் நானும் சேர்ந்தே ஆடுவதால், எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டின் விளைவுதான் வாந்தி என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். எல்லா ஆட்டமும் ஒரே மாதிரி வதைப்பதில்லை. 1970-களில் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கானவர்களை மேலும் கீழுமாக ஆடும் அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். சுமார் ஐந்து வினாடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் மெதுவாக எழும்பித் தாழும் ஆட்டம்தான் அதிகம் பேரை வாந்தியெடுக்க வைத்தது. அதைவிட வேகமான அதிர்வு அவ்வளவு செய்யவில்லை. பெரிய கப்பல்கள் பக்கவாட்டில் ஒரு முறை ஆடி முடிக்கப் பதினைந்து வினாடிக்கும் மேல் எடுத்துக்கொள்வதால் அந்த ஆட்டத்தைப் பலர் தாங்கிக்கொள்கிறார்கள். முன்முனையின் ஏற்ற இறக்கம் மோசமான அந்தக் கால அளவுக்கு அருகில் வருகிறது. மருந்து சாப்பிடுகிறவர்கள் குமட்டல் வருமுன்பே சாப்பிட வேண்டும். வந்த பிறகு வயிறு எதையும் ஏற்காது. மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்ப்பது உண்மையிலேயே உதவும். கண்ணும் காதும் அப்போது ஒரே செய்தியைச் சொல்கின்றன. வங்கக் கடலில் ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள், கரீபியன் கப்பல்களில் போய்வந்தவர்கள் சொல்லும் ‘ஆட்டமே தெரியாது’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 211 மீட்டர் எம்ப்ரஸும் 365 மீட்டர் ஐகானும் ஒரே அலைக்கு ஒரே மாதிரி அசையாது.

சத்தத்துக்கும் இடம்தான் விடை. கேபினுக்கு மேலும் கீழும் கேபின்களே இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மேலே குளத்துத் தளம் என்றால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்தும் சத்தம் எழுப்பிவிடும். கீழே அரங்கமோ நடனக்கூடமோ என்றால் நள்ளிரவு வரை தாள ஒலி எஃகு வழியாக ஏறி வரும். முன்பகுதியில் கீழே இருப்பவர்களுக்கு, கப்பல் துறைமுகத்தில் ஒதுங்கும்போது பக்கவாட்டு உந்திகளின் உறுமல் ஐந்து மணி அலாரம். ஒவ்வொரு தளத்தின் வரைபடத்தையும் நிறுவனங்களே வெளியிடுகின்றன. உங்கள் கேபின் எண்ணைக் கண்டுபிடித்து அதன் நேர் மேல் தளத்தையும் நேர் கீழ்த் தளத்தையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வரைபடத்தில் பெயரில்லாமல் வெள்ளையாக விட்டிருக்கும் பகுதி பெரும்பாலும் ஊழியர்களின் வேலையிடம், வண்டிகள் உருளும்.

உட்புறக் கேபினின் இருட்டு சிலருக்கு வரம், சிலருக்கு வதை. விளக்கை அணைத்தால் நண்பகலும் நள்ளிரவும் ஒன்றுதான். உடலின் உள்கடிகாரம் காலை வெளிச்சத்தை வைத்துத் தன்னைச் சரிசெய்துகொள்வதால், வெளிச்சமே படாமல் தூங்குகிறவர்கள் பத்து மணிக்கு மந்தமாக எழுந்திருப்பார்கள். இதற்கு மாற்றாக 2011-இல் வந்த ‘டிஸ்னி ட்ரீம்’ கப்பலில் வெளியே இருக்கும் கேமராவின் காட்சியை உட்புற அறைகளில் வட்ட ஜன்னல் போன்ற திரையில் காட்டினார்கள். அது இல்லாத கப்பலில் காலை ஏழு மணிக்கு மேல்தளத்தில் அரை மணி நேரம் நடந்தாலே போதும்.

பால்கனி வேண்டுமா என்ற கேள்விக்கு 2020 பிப்ரவரியில் யோகோஹாமா துறைமுகத்தில் நின்ற ‘டயமண்ட் பிரின்சஸ்’ மறக்க முடியாத பதில் ஒன்றைத் தந்தது. 3,711 பேர் இருந்த அந்தக் கப்பலில் கொரோனா பரவியபோது பயணிகளைக் கேபினுக்குள்ளேயே இரண்டு வாரம் இருக்கச் சொன்னார்கள். பால்கனி உள்ளவர்களுக்குக் காற்றும் வெயிலும் இருந்தன. ஜன்னலில்லாத அறையில் இருந்தவர்களை முகக்கவசத்தோடு சிறிது நேரம் மேல்தளத்தில் நடக்க முறைவைத்து அனுமதித்தார்கள். மொத்தம் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சோதனையின்போது அறிகுறியே இல்லை என்பதை உலகம் இந்தக் கப்பலில்தான் தெளிவாகப் பார்த்தது. அங்கே இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள், தமிழர்களும் இருந்தார்கள். பயணிகள் தனித்திருந்தபோது ஊழியர்கள் சேர்ந்து தங்கும் அறைகளில் படுத்து, சேர்ந்து சாப்பிட்டு, பயணிகளின் கதவுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோனார்கள்.

சாதாரண நாளில் கப்பலில் பயப்பட வேண்டிய கிருமி நோரோ வைரஸ். வாந்தியும் வயிற்றுப்போக்கும் இரண்டு மூன்று நாள் படுத்தும். அமெரிக்காவில் பதிவாகும் நோரோ பரவல்களில் கப்பலில் நடப்பவை சுமார் 1 சதவீதம்தான். மருத்துவமனை, முதியோர் இல்லங்களில் நடப்பவை அதிகம். கப்பல் மட்டும் செய்தியில் வருவதற்குக் காரணம், அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்கள் நோய்க் கணக்கை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்துக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும். 3 சதவீதம் பேருக்கு வந்தால் மையம் அதை வெளியிட்டுவிடும். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. ஆல்கஹால் கிருமிநாசினி கொழுப்பு உறையைக் கரைத்தே பல வைரஸ்களைக் கொல்கிறது. உறையே இல்லாத நோரோவிடம் அது அவ்வளவாகச் செல்லாது. எனவே பஃபே வாசலில் கையில் பீய்ச்சிக்கொள்ளும் திரவத்தை நம்பி உள்ளே போகாதீர்கள். சோப்புப் போட்டு இருபது வினாடி கழுவுங்கள். ஆயிரம் கைகள் தொட்ட பரிமாறும் கரண்டியைத் தொட்ட பிறகு, கையால் சாப்பிடும் நாம் இன்னொரு முறை கழுவிவிட்டு உட்காருவது நல்லது.

கூட்டமும் கேபினும் ஒன்றாக முக்கியமாகும் நேரம் ஒன்று உண்டு. 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜிலியோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தது. கப்பலில் 4,229 பேர். 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை சிவிடவேக்கியா துறைமுகத்தில் ஏறிய பல நூறு பயணிகளுக்கு அவசரகால ஒத்திகை நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அன்றைய விதி இருந்தது. பிறகு விதியை மாற்றி, புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்றார்கள். வடிவமைப்புக்கும் பன்னாட்டுக் கணக்கு இருக்கிறது. பெரிய கப்பலில் எல்லாரும் கூடி, படகேறி, படகு நீரில் இறங்குவதுவரை 80 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அதைப் பகலுக்கும், எல்லாரும் கேபினில் தூங்கும் இரவுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். நெரிசலில்லாத நடைபாதையில் ஒருவர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்றும், சதுர மீட்டருக்கு மூன்றரைப் பேர் என்று அடைந்துவிட்டால் 0.1 மீட்டர்தான் என்றும் அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு வேகம். வழி தெரியாமல் நடைபாதையில் எதிர்த்திசையில் வரும் ஒரு குடும்பம் அந்த நெரிசலை உண்டாக்கப் போதும். பல கப்பல்களில் இப்போது பாதுகாப்பு வீடியோவைக் கைபேசியிலேயே பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் ஒத்திகை முடிந்தது. வசதிதான். ஆனாலும் முதல் நாள் மாலையே பிள்ளைகளோடு கேபின் கதவிலிருந்து அந்த இடம்வரை லிஃப்ட் இல்லாமல் ஒரு முறை நடந்து பார்த்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். தீப்பரவலைத் தடுக்கக் கப்பலைச் சுமார் 40 மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே பிரித்திருப்பார்கள். நடைபாதையில் திறந்து நிற்கும் கனமான கதவுகள் அந்தத் தடுப்புகளில் இருப்பவைதான். மணி அடித்தால் அவை மூடிக்கொள்ளும், தள்ளினால் திறக்கும். அதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கடைசி நாள் காலைதான் மொத்தப் பயணத்திலும் நெரிசலானது. 5,000 பேர் ஒரே வாசலில் இறங்க வேண்டும். அதற்காகப் பெட்டிகளில் நிறமோ எண்ணோ கொண்ட சீட்டைக் கட்டி, தொகுதி தொகுதியாக அழைக்கிறார்கள். உங்கள் தொகுதியை அழைக்கும்வரை வாசலுக்குப் போகாமல் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தால் நிற்க வேண்டியதே இல்லை. விமானத்துக்கு அவசரமில்லாதவர்கள் கடைசித் தொகுதியைக் கேட்டு வாங்கலாம்.

ஆனால் கேபினை மட்டும் சொன்ன நேரத்துக்குக் காலி செய்துவிடுங்கள். அன்று மதியமே அடுத்த 5,000 பேர் ஏறுவார்கள். இடையில் கிடைக்கும் சில மணி நேரத்தில் ஒவ்வொரு அறையையும் துடைத்து, விரிப்பு மாற்றி முடிக்க வேண்டியவர்கள் நம் ஊர்க்காரர்களும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா நாட்டவரும். பயணிகள் கப்பலில் சாதாரண ஊழியர் இருவர் தங்கும் அறைக்குப் பன்னாட்டுத் தொழிலாளர் ஒப்பந்தம் விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவு 7.5 சதுர மீட்டர். நாம் சிறியது என்று குறைப்பட்டுக்கொள்ளும் உட்புறக் கேபினில் பாதி. பெரும்பாலும் நீர்மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும் அந்த அறைகளுக்கு ஜன்னலும் இருக்காது. 24 மணி நேரத்தில் அவர்களுக்கு 10 மணி நேரம் ஓய்வு கொடுத்தாக வேண்டும் என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. பயணிகள் மாறும் நாளில் அந்த ஓய்வில் கொஞ்சம் நாம் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பும் நேரத்தைப் பொறுத்தது.